கர்னல் பீதியடையக் கூடாது

பாகூரைத் தாண்டி, நெல்வயலுக்கு நடுவில் இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. அதன் பெயர் ஊரக வெள்ள முன்னெச்சரிக்கை இயக்ககம். வெள்ளம் வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்வது அதன் வேலை. திறந்து ஆறு வருடமாகிறது. இந்த ஆறு வருடத்தில் அது எத்தனையோ விஷயங்களை முன்கூட்டியே சொல்லியிருக்கிறது. தைப்பொங்கல் வருவதைச் சொன்னது. இயக்குநரின் பிறந்தநாள் வருவதைச் சொன்னது. வெள்ளத்தைப் பொறுத்தவரை, வந்து போன பிறகு அது வந்தது உண்மைதான் என்று மூன்று மாதத்துக்குள் சான்றிதழ் கொடுத்துவிடும். அதில் தாமதம் கிடையாது.

செல்வகுமாரிக்கு அங்கே ஒப்பந்த வேலை. நெட்டப்பாக்கத்துக் கரும்பு விவசாயி வீட்டுப் பெண். கணினி படித்தவள் என்பதால், கண்ணாடி அறைக்குள் ஏ.சி. போட்டு வைத்திருந்த ஒரு கணினியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவளுடையது. பெண்ணையாற்றிலும் ஏரிகளிலும் பதினோரு இடத்தில் நட்டிருந்த அளவுமானிகள் நீர்மட்டத்தை அந்தக் கணினிக்கு அனுப்பும். மட்டம் எல்லை தாண்டினால் கணினி தானாகவே இரண்டாயிரம் விவசாயிகளின் செல்போனுக்கு அழைத்து, "தண்ணீர் வருகிறது, மேட்டுக்குச் செல்லுங்கள்" என்று சொல்ல வேண்டும்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை ஆற்றில் தண்ணீர் ஏறியது. கணினி யாரையும் அழைக்கவில்லை. திங்கள்கிழமை காலையில், முழங்கால் வரை சேறு காய்ந்த காலோடு பச்சையப்பன் இயக்ககத்தின் வாசலில் வந்து நின்றார். செல்வகுமாரியின் தாய்மாமன். கிருமாம்பாக்கத்துக்குத் தெற்கே, ஆற்றை ஒட்டிய பள்ளக்கொல்லை என்ற சிற்றூரில் அவருக்கு இரண்டு ஏக்கர் நெல். காலைத் துடைக்காமல் உள்ளே விடமாட்டோம் என்று காவலாளி சொல்லிவிட்டதால், வெளியே நின்றபடியே பேசினார்.

"இன்னா கொமாரி, உங்க மெசினு தூங்கிடுச்சா? மோட்டாரு ரெண்டும் சேத்துக்குள்ள கீது. ஒரு போனு வந்திருந்தா கயட்டி எடுத்தாந்திருப்பேன்ல?"

"இன்னா ஆச்சுன்னு பாக்கறேன் மாமா."

பார்த்தாள். ஒரு மணி நேரத்தில் பிடிபட்டுவிட்டது. எந்தக் கணினிக்கும் அடியில் கர்னல் என்று ஒரு மூல நிரல் இருக்கும். மற்ற நிரல்களுக்கெல்லாம் நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது அதுதான். இங்கே இருந்த கர்னல், கையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு நினைவகத்தைத் தருவதாகக் கேட்டவர்களுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தது. உண்மையிலேயே இடம் தீர்ந்துபோனதும், ஏதாவது ஒரு நிரலைக் கொன்று இடம் பிடிக்கும். கொல்லப்பட வேண்டியது "வரவேற்புரை" என்ற நிரல். வரவேற்பறைத் திரையில் இயக்குநர் கைகூப்பிப் பேசுவதை நாளெல்லாம் ஓட்டிக்கொண்டிருப்பது அது. பேசப் பேச நினைவகத்தை விழுங்கும், திருப்பிக் கொடுக்காது. ஆனால் எக்காரணம் கொண்டும் அதைக் கொல்லக் கூடாது என்று யாரோ அதற்குக் கழித்தல் ஆயிரம் என்ற பாதுகாப்பு எண்ணைப் போட்டு வைத்திருந்தார்கள். ஆகவே கர்னல் பக்கத்தில் இருந்த எச்சரிக்கை நிரலைக் கொன்றுவிட்டது. அதோடு, பெரிய கோளாறு வந்தால் யாராவது வந்து பொத்தானை அழுத்தும்வரை அப்படியே உறைந்து நிற்கும்படியும் அமைத்திருந்தார்கள். சனி, ஞாயிறில் பொத்தானை அழுத்த அங்கே ஆள் கிடையாது.

நான்கு வரியை மாற்றினால் போதும். ஐந்து நிமிட வேலை.

ஆனால் அந்த நான்கு வரி இருந்த கோப்பை முந்தைய இயக்குநர் அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, கண்ணாடிச் சட்டமிட்டுத் தன் அறைச் சுவரில் தொங்கவிட்டிருந்தார். கையெழுத்து விழுந்ததால் அது அரசாணை. அரசாணையை ஒப்பந்த ஊழியர் திருத்த முடியாது. எனவே செல்வகுமாரி, "கர்னல் அமைப்புகளில் மாற்றம் கோருதல்" என்று தலைப்பிட்டு ஒரு குறிப்பு எழுதிக் கண்காணிப்பாளர் கமலக்கண்ணனிடம் கொடுத்தாள்.

கமலக்கண்ணன் இருபத்தாறு வருட சர்வீஸ் உள்ளவர். எந்தத் தாளையும் இரண்டு முறை படிப்பார். முதல் முறை எழுத்துப்பிழைக்காக, இரண்டாம் முறை அதைத் தன் மேசையிலிருந்து எங்கே தள்ளலாம் என்பதற்காக.

"கர்னலா? எந்த ரெஜிமெண்ட்டும்மா?"

"சார், அது கம்ப்யூட்டர்ல இருக்கற..."

"இருக்கட்டும்மா. எங்க இருந்தாலும் ராணுவம் ராணுவந்தான். பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து பென்சன் வாங்கற சொல்தாவா, இந்திய பென்சனா? அத வெச்சுத்தான் கோப்பு எங்க போகணும்னு முடிவாகும்."

அவள் இரண்டு நாள் விளக்கினாள். கமலக்கண்ணன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மூன்றாம் நாள், "நீ சொல்றது புரியுது. ஆனா தணிக்கைல கேட்டா நான் இன்னா சொல்றது? பேருல கர்னல் இருக்குதே" என்று, ஓய்வுபெற்ற ராணுவத்தினர் சங்கம் ஒன்றுக்குத் தடையின்மைச் சான்று கேட்டுக் கடிதம் அனுப்பினார். பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அப்படி ஒரு கர்னல் தங்கள் உறுப்பினர் இல்லை என்றும், அவருடைய நினைவாற்றல் குறைந்திருப்பதாகக் கேள்விப்பட்டு வருந்துவதாகவும், நல்ல மருத்துவரிடம் காட்டும்படியும் எழுதியிருந்தார்கள். கமலக்கண்ணன் அதைக் கோப்பில் நூல் கட்டிச் சேர்த்து, "ஆட்சேபணை இல்லை" என்று பக்கத்தில் குறித்துக்கொண்டார்.

கோப்பு இயக்குநரிடம் போனது. இயக்குநர் சுப்புராயன் இதற்கென்று ஒரு குழு அமைத்தார். குழுவில் ஒன்பது பேர். கணினியைத் தொட்டவர்கள் அதில் யாரும் இல்லை என்பதால் முடிவு பாரபட்சமின்றி இருக்கும் என்று உத்தரவிலேயே எழுதியிருந்தது. செல்வகுமாரி விளக்கம் தர மட்டும் அழைக்கப்பட்டாள். அவளுக்கு நாற்காலி போடவில்லை. குழு உறுப்பினர்களுக்கு மட்டும்தான் நாற்காலி என்று விதி.

"மொத விஷயம்," என்றாள் அவள். "இல்லாத நினைவகத்த தர்றேன்னு கர்னல் ஒத்துக்குது சார். அத நிறுத்தணும். இருக்கற அளவுக்கு மட்டும் ஒத்துக்கணும்."

சுப்புராயன் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, இல்லாதத தர்றேன்னு சொல்றதுல இன்னாம்மா தப்பு? நான் சர்வீஸ்ல சேந்த நாள்லேர்ந்து அதத்தான் செய்யறேன். மனு குடுக்க வர்றவன்கிட்ட ஆகட்டும்னு சொன்னா அவன் சந்தோசமா வூட்டுக்குப் போறான். இல்லன்னு சொன்னா இங்கயே உக்காந்துக்கறான். இருக்கறத மட்டுந்தான் தருவேன்னு ஒரு அரசு நிறுவனம் ஆரம்பிச்சா, அப்புறம் இதையெல்லாம் இழுத்து மூட வேண்டியதுதான்."

ஒன்பது பேரும் தலையாட்டினார்கள். முதல் வரி தள்ளுபடி.

"சரி சார். பெரிய கோளாறு வந்தா கர்னல் பேனிக் ஆயிடும். அது பத்து செகண்ட்ல தானா மறுபடி எழுந்துக்கற மாதிரி வெக்கணும். அங்க பத்துன்னு ஒரு எண் போட்டா போதும்."

"பேனிக்குன்னா?" என்றார் இயக்குநர்.

"பீதி," என்றார் குழுவின் சொல்லாக்க உறுப்பினர் தமிழ்க்குமரன். அவர் அன்று பேசியது அந்த ஒரு சொல்தான். அது போதுமானதாக இருந்தது.

"வெள்ளத்தப் பாத்து ஜனங்க பீதியடையக் கூடாதுன்னுதான் இந்த ஆபீசே இருக்குது," என்றார் சுப்புராயன், தாழ்ந்த குரலில். "அந்த ஆபீஸ் கம்ப்யூட்டரே பீதியடையலாமா? அதுவும் பத்து! இப்ப எவ்ளோ வெச்சிருக்கீங்க?"

"இப்ப சுழியம் சார். அதாவது..."

"சுழியமே இருக்கட்டும்."

"சார், சுழியம்னா பீதியே இல்லன்னு அர்த்தமில்ல. விழுந்தா விழுந்தபடியே கெடக்கும்னு அர்த்தம். யாரும் எழுப்பலன்னா எழுந்துக்காது."

"அதுதாம்மா ஒழுங்கு. கீழ விழுந்த ஒரு சாமான், மேலதிகாரி உத்தரவு இல்லாம தானா எழுந்து வேலை செய்ய ஆரம்பிச்சா இன்னா ஆவும்? இன்னிக்கு கம்ப்யூட்டர் எழுந்துக்கும். நாளைக்கு ஊழியர்களும் எழுந்துக்குவாங்க."

இரண்டாவது வரியும் போயிற்று. கடைசி இரண்டு வரி, எதைக் கொல்வது, எதை விடுவது என்ற கேள்வி. எச்சரிக்கை நிரலுக்குத்தான் கழித்தல் ஆயிரம் தர வேண்டும், வரவேற்புரைக்கு அதை எடுத்துவிட வேண்டும் என்றாள். இயக்குநர் தன் முகத்தை ஒருமுறை தடவிக்கொண்டார். கொல்லப்படலாம் என்ற பட்டியலில் அந்த முகத்தைச் சேர்க்கும் துணிச்சல் ஒன்பது பேரில் யாருக்கும் இல்லை. ஆனால் பாதுகாப்பு என்று ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரியவந்தது.

வருகைப் பதிவுப் பிரிவின் ரஞ்சனி முதலில் கை தூக்கினார். "எங்க பிரிவு நிரலுக்கு ஏன் அந்த எண் இல்ல? நாங்க இன்னா இளிச்சவாயிங்களா? வரவேற்புரைக்கு ஆயிரம்னா எங்களுக்கும் ஆயிரம். குறைச்சா சங்கத்துல பேசுவேன்."

அதற்குப் பிறகு அடக்க முடியவில்லை. நூலகப் பிரிவு கேட்டது. நூலகத்தில் புத்தகம் கிடையாது. இருந்தாலும் அதன் நிரலுக்குக் கழித்தல் ஆயிரம் கிடைத்தது. வாகனப் பிரிவுக்குக் கிடைத்தது. கேன்டீனில் வடை தீர்ந்ததை அறிவிக்கும் நிரலுக்கும் கிடைத்தது. மாலை நான்கு மணிக்குள் நாற்பத்தோரு நிரல்கள் சாகாவரம் பெற்றுவிட்டன. மிச்சம் ஒன்று.

"இந்த எச்சரிக்கை எந்தப் பிரிவு?" என்று கேட்டார் கமலக்கண்ணன்.

"எந்தப் பிரிவும் இல்ல சார். இந்த ஆபீசே அதுக்காகத்தான்."

"பிரிவு இல்லன்னா பரிந்துரை செய்ய ஆள் இல்லியேம்மா," என்று அவர் உண்மையான வருத்தத்தோடு சொல்லிக் கோப்பை மூடினார்.

அவள் அன்று ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போகும்போது அழவில்லை. அழுகையைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. ஐந்து நிமிட வேலையைக் கேட்கப்போய், இருந்ததைவிட மோசமாக்கிவிட்டு வந்திருக்கிறோம் என்று மட்டும் திரும்பத் திரும்பத் தோன்றியது.

புதிய அமைப்புகளை அமல்படுத்த விழா எடுப்பதென்று முடிவானது. கார்த்திகை மாதத்தில் நல்ல நாள் பார்த்தார்கள். அதற்கு முன்பே விவசாயிகளுக்கெல்லாம் சுற்றறிக்கை போனது. இனி இயந்திரத்தின் அழைப்பை மட்டுமே நம்ப வேண்டும், வெள்ளம் என்று வதந்தி பரப்புவோர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும் என்று அதில் கண்டிருந்தது.

விழா நாளுக்கு இரண்டு நாள் முன்பே மழை பிடித்துக்கொண்டது. விழாவன்று காலையில் மேலே அணையைத் திறந்துவிட்டார்கள் என்ற செய்தி டி.வி.யில் வந்தது. செல்வகுமாரி நனைந்துகொண்டே ஓடி, காரிலிருந்து இறங்கிய இயக்குநரை மறித்தாள்.

"சார், இன்னிக்கு வேணாம் சார். அணை தெறந்துட்டாங்க. எச்சரிக்கை நிரல் ஒண்ணுதான் பாதுகாப்பில்லாம இருக்கு. நெனவகம் தீந்தா மொதல்ல அதுதான் போகும்."

"மங்கள காரியத்துல போகும் போகும்னு பேசாதம்மா," என்றார் அவர். குடை அவருக்கு மட்டும் பிடிக்கப்பட்டது.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். கணினிக்குச் சாமந்தி மாலை போட்டார்கள். மாலை காற்றுத் துளையை அடைத்தது. வெள்ளித்தட்டில் வைத்துக் கொண்டுவந்த விசைப்பலகையில் இயக்குநர் ஒரு விசையை அழுத்தினார். நாற்பத்தோரு நிரல்களும் சாகாவரத்தோடு ஓடத் தொடங்கின. அந்த நாளுக்கென்று வரவேற்புரையைத் தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்று மொழிகளிலும் ஒரே சமயத்தில் பேசும்படி பெரிதாக்கியிருந்தார்கள்.

பதினொன்று நாற்பதுக்கு நினைவகம் தீர்ந்தது. கர்னல் சுற்றுமுற்றும் பார்த்தது. கொல்ல அனுமதிக்கப்பட்டது ஒன்றே ஒன்றுதான். எச்சரிக்கை நிரல் போனது. மூன்று நிமிடத்தில் அந்த இடமும் தீர்ந்துவிட, கொல்ல வேறு எதுவும் இல்லாமல் கர்னல் விழுந்தது. விழுந்தபடியே கிடந்தது. பெரிய திரையில் இயக்குநரின் முகம் வாய் திறந்தபடி நின்றது. பிரெஞ்சு பேசிக்கொண்டிருந்த இடம் போலிருக்கிறது, உதடு குவிந்திருந்தது.

போட்டோகிராபர் படம் எடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"பாருங்க," என்றார் சுப்புராயன் ஒலிவாங்கியில். "எவ்ளோ அமைதியா இருக்குது! வெளிய இவ்ளோ மழை. நம்ம கர்னல் துளி பீதியடையல."

"சார், செத்துப்போச்சு சார் அது!" செல்வகுமாரி கண்ணாடி அறையின் கதவை இழுத்தாள். பூட்டியிருந்தது. "சாவி குடுங்க. பொத்தான அமுக்கினா போதும்."

கமலக்கண்ணன் அவளை ஓரமாக இழுத்தார். "தொறந்து வெச்சதும் சீல் போட்டாச்சும்மா. சீலை ஒடைக்கணும்னா குழு கூடணும். குழுவுல ரெண்டு பேரு சாப்புடப் போயிட்டாங்க."

ஒவ்வொரு அளவுமானிக்கும் ஒரு செல் எண் உண்டு. மிஸ்டு கால் கொடுத்தால் நீர்மட்டம் குறுஞ்செய்தியாக வரும். அவள் பாலத்தடி அளவுமானிக்குக் கொடுத்தாள். ஒரு மணி நேரத்தில் நாலடி ஏறியிருந்தது. மாமாவுக்குப் போன் போட்டாள்.

"மாமா, தண்ணி வருது. மாட்ட அவுத்துக்கினு மேட்டுக்குப் போங்க."

"மெசினு ஒண்ணும் சொல்லலியேம்மா? அதான் சொல்லும்னு நோட்டீசு குடுத்தாங்களே."

"மெசினு செத்துப்போச்சு மாமா. நான் சொல்றேன்."

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மழையில் கிளம்பினாள். பள்ளக்கொல்லை மாரியம்மன் கோயிலில் கார்த்திகைக்காகக் கட்டியிருந்த மைக்செட் இருந்தது. பூசாரி தடுக்கவில்லை. அவள் ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஜெயா அத்தை, பிள்ளைங்கள எடுத்துக்கினு பள்ளிக்கூடத்துக்குப் போ. அருள்முருகன் அண்ணே, ஆட்ட அவுத்து வுடு. தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். அறுபது வீட்டு ஜனமும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது தண்ணீர் கோயில் படியை நக்கிக்கொண்டிருந்தது.

பச்சையப்பன் கடைசியாக வந்தார். பசுவின் கயிறு கையில் இருந்தது. கன்றைக் கொல்லையில் தனியாகக் கட்டியிருந்தார். அவிழ்க்கப் போனபோது இடுப்பளவு தண்ணீர். கட்டுத்தறியில் கயிறு மட்டும் இழுபட்டுக்கொண்டிருந்தது. பசு பள்ளிக்கூட வராந்தாவில் நின்று ஆற்றைப் பார்த்துக் கத்தியது. நிறுத்தவே இல்லை. "நீ போன் போட்டதும் ஒடனே போயிருக்கணும்," என்றார் அவர். "மெசினு சொல்லட்டும்னு கால் மணி நேரம் போனையே பாத்துக்கினு குந்தியிருந்தேன் கொமாரி." அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஒரு வாரத்தில் விசாரணை நடந்தது. பணிநேரத்தில் வெளியே செல்லும் பதிவேட்டில் கையெழுத்திடாமல் போனது ஒரு குற்றம். இயக்ககம் உறுதி செய்யும் முன்பே வெள்ளம் என்ற சொல்லை ஒலிபெருக்கியில் பயன்படுத்தியது இன்னொன்று.

"வெள்ளம் வந்துச்சே சார்," என்றாள் செல்வகுமாரி.

"வந்தது வேற விஷயம்," என்றார் சுப்புராயன். "நீ சொன்னப்போ நாங்க சொல்லல. அப்போ அது வதந்திதான். அப்புறம் அது உண்மையாயிட்டதுக்கு நாங்க பொறுப்பில்ல."

"ஒரு நாள் முழுக்க மெசின் செத்துக் கெடந்துச்சு. அத யாரும் விசாரிக்கலியா?"

கமலக்கண்ணன் அறிக்கையைப் புரட்டினார். விழா நாளன்று பதினொன்று நாற்பத்து மூன்றுக்குப் பிறகு இயந்திரத்தில் ஒரு பிழைகூடப் பதிவாகவில்லை என்று வாசித்தார். ஆறு வருடத்தில் பிழையே இல்லாத முதல் நாள் அதுதானாம். அதற்காக இயக்ககம் ஒரு விருதுக்கு விண்ணப்பித்திருந்தது. ஜனவரியில் கிடைக்கவும் செய்தது. செல்வகுமாரியின் ஒப்பந்தம் விசாரணை நடந்த அன்று மாலையோடு முடிந்தது.

அவள் அடையாள அட்டையை மேசையில் வைத்தாள். "உங்க சுவத்துல தொங்குதே, அந்தத் தாள ஒரு தடவையாவது படிச்சுப் பாருங்க சார்," என்று மட்டும் சொன்னாள். வெளியே வந்து ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

பள்ளக்கொல்லைக்காரர்கள் அவள் எண்ணைத் தங்கள் போனில் ஏற்றிக்கொண்டார்கள். மழை வந்தால் அவள் பதினோரு அளவுமானிக்கும் மிஸ்டு கால் கொடுப்பாள். தண்ணீர் ஏறினால் கோயிலுக்கு வந்துவிடுவாள். கன்றை இழந்த பசுவுக்குப் பால் வற்றிவிட்டது. பச்சையப்பன் அதை விற்கவில்லை.

மார்கழிக் கடைசியில் மறுபடியும் ஒரு மழை. காலை ஏழு மணிக்கு மைக்கைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. தெரியாத எண். எடுத்தாள்.

"செல்வகுமாரியாம்மா? நான் சுப்புராயன் பேசறேன். நல்லா இருக்கியா?" குரல் இறங்கியது. "ஒண்ணுமில்ல, பள்ளக்கொல்லைக்குப் பக்கத்துல போன வாரந்தான் ஒரு தென்னந்தோப்பு வாங்கினேன். இப்ப இங்கதான் இருக்கேன். புதுக் கார் தோப்புக்குள்ள நிக்குது. மேல தண்ணி கிண்ணி வருதாம்மா?"

"ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒண்ணும் சொல்லலியா சார்?"

"அது கெடக்குதும்மா," என்றார். "நீ சொல்லு."

"மூணடி ஏறியிருக்கு. அரை மணி நேரத்துல தோப்புக்கு வந்துடும். கார எடுத்துடுங்க."

"ரொம்ப நன்றிம்மா. ஆனா நான் ஒன்கிட்ட கேட்டேன்னு யாருக்கும் தெரிய வேணாம். ஆபீஸ் பேரு கெட்டுடும்."

அப்போதுதான் அவளுக்குத் தன் இன்னொரு கையிலிருந்த மைக் நினைவுக்கு வந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசிக்கொண்டிருந்தாள், மைக்கையும் அணைத்திருக்கவில்லை. எதிரே பள்ளிக்கூட மேட்டில் அறுபது வீட்டு ஜனமும் அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. பச்சையப்பன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, தோப்புக்காரருக்குக் கார் தள்ள ஆள் வேண்டியிருக்கும் என்று நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினார்.